ரேஷன் அரிசி சோசலிசமா? சோசலிசமும் தாராளவாதமும் பிரியும் இடம்

இந்தியாவில் புதிதாக ஒரு கட்சியைத் தொடங்கித் தேர்தல் ஆணையத்தில் பதிவு செய்யப் போனால், கட்சி விதிகளில் ஒரு வாசகம் இருந்தாக வேண்டும். சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகிய கொள்கைகளுக்கு உண்மையாக இருப்போம் என்ற உறுதிமொழி அது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவு 1989 முதல் அதைக் கேட்கிறது. பொதுத்துறை நிறுவனங்களை விற்றே தீர வேண்டும் என்று மேடையில் முழங்கும் கட்சியும் இதை எழுதிக் கொடுத்துத்தான் பதிவு பெறுகிறது.

எல்லாரும் கையெழுத்துப் போடுகிற சொல்லுக்குப் பொருள் நீர்த்துப்போவதில் வியப்பில்லை. இலவச அரிசி கொடுத்தால் சோசலிசம், வரி போட்டால் சோசலிசம், அரசு பஸ் ஓடினால் சோசலிசம். மறுபக்கம் தாராளவாதம் என்றால் பணக்காரர்களுக்குச் சலுகை என்கிறார்கள் சிலர். பண்பாட்டில் கட்டுப்பாடு இல்லாமல் திரிவது என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் உண்மையில் என்ன கேட்கின்றன, எங்கே உரசிக்கொள்கின்றன என்பதைக் கீழிருந்து பார்ப்போம்.

முதலில் சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

லிபரலிசத்தைத் தமிழில் தாராளவாதம் என்கிறோம். “தாராளமாகச் சாப்பிடுங்கள்” என்று விருந்தில் சொல்கிற அதே தாராளம். கேட்டவுடன் கைநிறைய அள்ளிக் கொடுக்கும் குணம்தான் நினைவுக்கு வரும். ஆனால் மூலச்சொல்லின் வேர் லத்தீனில் ‘கட்டுப்படாத’ என்று பொருள்படும் சொல். விடுதலைவாதம் என்று மொழிபெயர்த்திருந்தால் பாதிக் குழப்பம் வந்திருக்காது. இனி மாற்ற முடியாது, பழகிவிட்டது.

1991க்குப் பிறகு நாளிதழ்களில் அடிபட்ட தாராளமயமாக்கல் வேறு. அது தொழிலின் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் ஒரு கொள்கை. தாராளவாதத்தின் ஒரு கிளையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். அமெரிக்காவில் லிபரல் என்றால் இடதுபக்கம் சாய்ந்தவர். ஆஸ்திரேலியாவில் லிபரல் கட்சி என்பது வலதுசாரிக் கட்சி. ஆங்கிலச் செய்தியைப் படித்துவிட்டு வாதாடுபவர்கள் பல நேரம் வெவ்வேறு நாட்டு அகராதிகளை வைத்துக்கொண்டு மோதுகிறார்கள்.

சோசலிசத்துக்குத் தமிழில் சமதர்மம், சமவுடைமை என்ற பெயர்கள் உண்டு. பொதுவுடைமை என்பது பெரும்பாலும் கம்யூனிசத்தைக் குறிக்கும். கம்யூனிசம் சோசலிசத்தின் ஒரு பிரிவு. எல்லாச் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகள் அல்லர்.

ஒரு ரைஸ் மில், நான்கு ஏற்பாடுகள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இருபது பேர் வேலை செய்கிறார்கள். நெல் வாங்கிய பணம், கரண்ட் பில், ரிப்பேர், சம்பளம், பேங்க் வட்டி எல்லாம் போக வருடத்துக்கு 12 லட்சம் மிச்சம். இப்போது ஒரு கேள்வி வருகிறது: கறுத்துப்போன அரிசியையும் கல்லையும் தானே பிரிக்கும் கலர் சார்ட்டர் மிஷின் வாங்கலாமா? வாங்கினால் அரிசிக்கு நல்ல விலை கிடைக்கும். ஆனால் கையால் புடைத்துப் பொறுக்கும் நான்கு பெண்களுக்கு வேலை இருக்காது.

முதல் ஏற்பாட்டில் மில் ஒரு முதலாளிக்குச் சொந்தம். அவர் காசு, அவர் முடிவு. 12 லட்சமும் அவருடையது, மிஷின் சரிப்பட்டு வராவிட்டால் நஷ்டமும் அவருடையது. பழைய பாணித் தாராளவாதி இதை நியாயம் என்பார். அந்தப் பெண்கள் வேறு மில்லுக்குப் போகலாம், போவதை யாரும் தடுக்கக் கூடாது.

இரண்டாவதில் மில் அதே முதலாளிக்குத்தான் சொந்தம், முடிவும் அவருடையதுதான். ஆனால் நான்கு பேரை நிறுத்தினால் முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். அவர்கள் வேலை பார்த்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று கணக்குப் போட்டு இழப்பீடு தர வேண்டும். லாபத்தில் வரி போகிறது. அந்த வரியில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி நடக்கின்றன. இன்றைய இந்தியச் சட்டம் ஏறக்குறைய இங்கே நிற்கிறது. இதற்குச் சமூகத் தாராளவாதம் என்று பெயர்: சொத்து தனியாரிடம், விழுந்தவரைத் தாங்க அரசு விரிக்கும் வலை.

மூன்றாவதில் மில் அரசுக்குச் சொந்தம். மிஷின் வாங்கும் கோரிக்கை தலைமை அலுவலகத்துக்குப் போய், நிதி ஒதுக்கி, டெண்டர் விட்டு வரும். பெண்களின் வேலை அநேகமாகப் போகாது. மிச்சப் பணம் கருவூலத்துக்கு. நஷ்டம் வந்தாலும் கருவூலம்தான் ஈடுகட்டும்.

நான்காவதில் இருபது தொழிலாளர்களும் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டுறவு மில். ஆளுக்கு ஒரு ஓட்டு. மிஷின் வாங்கலாமா என்று கூட்டம் போட்டு முடிவு செய்கிறார்கள். நான்கு பேரைப் பேக்கிங்குக்கு மாற்றலாம், அல்லது மிஷினே வேண்டாம் என்று 12 லட்சத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

முதல் இரண்டுக்கும் கடைசி இரண்டுக்கும் நடுவில்தான் கோடு ஓடுகிறது. மில் யாருடையது, மிச்சம் யாருக்கு, மிஷினைப் பற்றிய முடிவு யாருடையது? உற்பத்திச் சாதனங்கள் தனிமனிதர் கையில் இருக்கக் கூடாது, சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்பவர் சோசலிஸ்ட். உற்பத்திச் சாதனம் என்றால் பிறரை வேலைக்கு வைத்துப் பொருள் உண்டாக்கப் பயன்படும் நிலம், ஆலை, சுரங்கம் போன்றவை. உங்கள் வீட்டு மிக்ஸியும் பைக்கும் அந்தக் கணக்கில் வராது. “சோசலிசம் வந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள்” என்ற பயம் இந்த வேறுபாட்டைத் தவறவிடுவதால் வருவது.

சரி, ரேஷன் அரிசி?

இப்போது தலைப்பிலுள்ள கேள்வியைத் தொடலாம். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அந்த அரிசி வரும் வழியைப் பாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் வாங்கிய நெல்லின் ஒரு பகுதி தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் சொந்த நவீன அரிசி ஆலைகளுக்குப் போகிறது. இன்னொரு பகுதி அரவை முகவர்கள் எனப்படும் தனியார் மில்களுக்குப் போகிறது. அவர்கள் கூலிக்கு அரைத்து அரிசியைத் திருப்பித் தருகிறார்கள்.

நெல்லை விளைத்த வயல் தனியாருடையது. மில் பாதி அரசுடையது, பாதி தனியாருடையது. கார்டுக்காரருக்கு அரிசி இலவசம். கடைசியாகச் சொன்னது மட்டும் நலத்திட்டம், அதாவது சந்தையில் வாங்க முடியாதவருக்கும் கிடைக்கும்படி அரசு செய்யும் ஏற்பாடு. நலத்திட்டத்தை யாரும் செய்யலாம். சோசலிஸ்டாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இதற்கு வரலாற்றில் நல்ல சாட்சி, பிரதமர் போன்ற சான்சலர் பதவியில் இருந்த பிஸ்மார்க். ஜெர்மனியில் 1878ல் சோசலிஸ்டுகளின் கூட்டங்களையும் பத்திரிகைகளையும் தடை செய்தவர் அவர். அதே மனிதர் 1883ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். சோசலிஸ்டுகள் பக்கம் தொழிலாளி போகாமல் தடுப்பதும் அவருடைய கணக்கில் இருந்தது. பிரிட்டனில் நலவாழ்வு அரசுக்குத் திட்டம் வகுத்து 1942ல் அறிக்கை தந்த பெவரிட்ஜ், பின்னர் லிபரல் கட்சி எம்.பி. ஆனவர். அதன் பிறகு ஆட்சிக்கு வந்த, சோசலிச மரபுள்ள தொழிற்கட்சி 1947 ஜனவரி 1ஆம் தேதி நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். காப்பீடு கொடுப்பது தாராளவாதிக்கு உறுத்தாது. சுரங்கத்தை எடுத்துக்கொள்வது உறுத்தும்.

சுவீடனைச் சோசலிச நாடு என்று சொல்பவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அங்கே வரி அதிகம், நலத்திட்டம் விரிவு, தொழிற்சங்கம் பலம். கம்பெனிகளில் பெரும்பாலானவை தனியாரிடம். சமூக ஜனநாயகம் என்பது அதன் சரியான பெயர்: சோசலிச இயக்கத்தில் பிறந்து, ஆலைகளைக் கைப்பற்றும் எண்ணத்தைக் கைவிட்டு, வரியாலும் பேச்சுவார்த்தையாலும் பங்கீட்டைச் சரிசெய்யும் வழி.

இதுவரை பார்த்ததை ஒரு வரியில் சொன்னால்: எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள், மில் யாருடையது என்று பாருங்கள்.

தாராளவாதம் கேட்பது வேறு கேள்வி

சோசலிசத்தின் மையக் கேள்வி உடைமை பற்றியது. தாராளவாதத்தின் மையக் கேள்வி அதிகாரம் பற்றியது: ஒரு தனிமனிதரிடம் எவர் எதைச் செய்யவே கூடாது? பிடித்துக்கொண்டு போய் விசாரணையில்லாமல் அடைத்து வைக்கக் கூடாது. பேசியதற்காகத் தண்டிக்கக் கூடாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறாய் என்று கேட்கக் கூடாது. பொருளைப் பறிக்கக் கூடாது. இதைச் செய்பவர் ராஜாவா, பெரும்பான்மை ஓட்டு வாங்கிய அமைச்சரவையா என்பது பொருட்டில்லை. இந்திய அரசியலமைப்பின் மூன்றாம் பாகத்தில் உள்ள அடிப்படை உரிமைகள் இந்த மரபில் வந்தவை. உடைமைக் குவிப்பைத் தடுக்கச் சொல்லும் 39ஆவது பிரிவு நான்காம் பாகத்தில் இருக்கிறது. அது சோசலிசச் சாயல் கொண்டது. மூன்றாம் பாகத்தை மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். நான்காம் பாகத்தை நிறைவேற்று என்று கோர்ட்டில் கேட்க முடியாது. எழுதியவர்கள் தெரிந்தேதான் இப்படி வைத்தார்கள்.

தாராளவாதிக்குத் தனிச்சொத்து ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை இங்கிருந்து பார்த்தால் புரியும். பேராசைக்கு வக்காலத்து வாங்குவதாக நினைத்தால் அவர் வாதமே பிடிபடாது. எல்லா அச்சகமும் எல்லா வேலையும் எல்லா வீடும் அரசிடம் இருந்தால், அரசை எதிர்த்து நோட்டீஸ் அடிக்க எங்கே போவீர்கள், அடித்த பிறகு எங்கே வேலை தேடுவீர்கள் என்பதே அவர் கேள்வி. வெளியேற ஒரு வாசல் இருக்க வேண்டும் என்கிறார்.

சோசலிஸ்டின் பதிலிலும் வலு இருக்கிறது. புடைக்கும் பெண்ணுக்குச் சட்டப்படி முழு உரிமை இருக்கிறது. அந்த ஊரில் ஒரே மில்தான் இருக்கிறது, முதலாளியைப் பகைத்தால் அடுப்பு எரியாது என்றால் அந்த உரிமையை வைத்து என்ன செய்வது? அவர் போடும் கூலி ஒப்பந்தம் காகிதத்தில் சுதந்திரமானது. நடப்பில் பேரம் பேச அவரிடம் உழைப்பைத் தவிர எதுவும் இல்லை. தாராளவாதி அரசின் கையைக் கண்டு அஞ்சுகிறார், சோசலிஸ்ட் முதலாளியின் கையைக் கண்டு அஞ்சுகிறார். அடுத்தவர் அச்சத்தை இருவருமே குறைத்து மதிப்பிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஏ.கே. கோபாலன்: இரண்டும் சந்தித்த இடம்

இந்த இரண்டு அச்சங்களும் ஒரே மனிதர் வாழ்க்கையில் வந்து போனதற்கு ஏ.கே. கோபாலன் சாட்சி. மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர். அப்போது மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது. 1950ல், விசாரணையில்லாமல் அடைத்து வைக்க வழிசெய்யும் தடுப்புக் காவல் சட்டத்தில் அவரைச் சிறையில் வைத்திருந்தார்கள். அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய் 21ஆவது பிரிவைக் காட்டி வாதாடினார்: உயிரும் தனிமனித சுதந்திரமும். முழுக்க முழுக்கத் தாராளவாத வாதம் அது. தோற்றார். சட்டமன்றம் இயற்றிய சட்டத்தின்படி அடைத்தால் போதும் என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அதே மாதத்தில் வந்த இன்னொரு வழக்கில், சென்னை அரசு தடை செய்த ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வார இதழ் வென்றது. பேச்சுரிமை பெரிய முதலாளிகளுக்கான அலங்காரம் என்று பேசிய தலைமுறைக்கே அந்த உரிமைதான் கைகொடுத்தது.

பிறகு 1957. மத்திய அரசின் காபி வாரியம் தன் காபி ஹவுஸ்களை மூடத் தொடங்கியதும், வேலையிழந்த ஊழியர்களைத் திரட்டிக் கூட்டுறவுச் சங்கம் அமைக்கச் செய்தவர்களில் முன்னணியில் நின்றவர் இதே கோபாலன். இன்றும் கேரளத்தில் இந்தியன் காபி ஹவுஸுக்குள் போனால், விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு மசால் தோசை கொண்டுவந்து வைப்பவர் அந்த நிறுவனத்தின் பங்குதாரராகவும் இருக்கலாம். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கே இன்னொரு தவறான எண்ணமும் உடைகிறது. அரசுடைமையும் சோசலிசமும் ஒன்றல்ல. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 முதல் அரசு நிறுவனம். அங்கே சுரங்கத்தில் வேலை செய்பவர் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல முறை போராட வேண்டியும் வந்தது. உடைமை கைமாறியும் முடிவெடுப்பவர் மேலேயே இருந்தால் அதை அரசு முதலாளித்துவம் என்று சொல்லிக் கண்டித்தவர்களில் சோசலிஸ்டுகளே அதிகம்.

எது எங்கே கெடுகிறது

அரசு மில்லில் கெடுவது கணக்கு. நஷ்டத்தைக் கருவூலம் ஈடுகட்டும் என்று தெரிந்தால் செலவைக் குறைக்க யாருக்கும் அவசரம் இருக்காது. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கோர்னாய் இதற்கு மென்மையான வரவுசெலவுக் கட்டுப்பாடு என்று பெயர் வைத்தார். விலையை அரசே நிர்ணயித்தால் இன்னொரு கோளாறும் சேரும். எது எங்கே தட்டுப்பாடு என்று காட்டிக்கொடுப்பது விலைதான்; அதைக் கட்டிப்போட்டால் தகவல் நின்று போய் வரிசை நீளும்.

கூட்டுறவில் கெடுவது முதலீடு. ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் உறுப்பினருக்குப் பத்து வருடம் கழித்துப் பலன் தரும் மிஷின் எதற்கு? பிரித்துக்கொள்ளலாம் என்றே கை தூக்குவார். சங்கம் வளர்ந்தாலும் ஆபத்து உண்டு. புது ஆளை உறுப்பினராகச் சேர்க்காமல் கூலிக்கு வைத்துக்கொண்டால் பழைய உறுப்பினர்களே முதலாளிகளாகிவிடுவார்கள்.

தனியார் மில்லில் கெடுவது போட்டி. போட்டி இருக்கும்வரை முதலாளியின் கை கட்டுப்பட்டிருக்கும். பெரிய மில் சின்ன மில்களை வாங்கி முடித்த பிறகு நெல்லுக்கு விலை சொல்பவரும் அரிசிக்கு விலை சொல்பவரும் ஒருவரே. அவித்த தண்ணீரை வாய்க்காலில் விட்டால் அந்தச் செலவு அவர் கணக்கில் ஏறாது, ஊர் தலையில் விழும்.

ஆவடியிலிருந்து 1991 வரை

இந்தியாவில் இந்த வாதத்தின் சில பெரிய மேடைகள் சென்னையைச் சுற்றி அமைந்தன. 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாடு ‘சோசலிச பாணி சமுதாயம்’ என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. பாணி என்ற சொல்லைக் கவனியுங்கள். முழுச் சோசலிசம் என்று சொல்லத் தயங்கிய சொல் அது. கனரகத் தொழில் அரசுக்கு, மற்றவை லைசென்ஸ் வாங்கிய தனியாருக்கு என்று பிரித்தார்கள். நான்கு வருடம் கழித்து, விவசாயிகளின் நிலங்களைச் சேர்த்துப் பயிரிடச் சொன்ன காங்கிரஸின் கூட்டுறவுப் பண்ணைத் தீர்மானத்தை எதிர்த்து ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யம் என்று அவர் சாடியது இன்றுவரை நிலைத்திருக்கிறது. பொருளாதாரத்தில் தாராளவாதியாக இருப்பவர் சமூகத்திலும் அப்படியே இருப்பார் என்று நம்பிவிடக் கூடாது. பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொல்லி 1953ல் அவர் கொண்டுவந்து, எதிரிகள் குலக்கல்வி என்று எதிர்த்த திட்டம் இதற்குச் சான்று.

மோதல் நேருக்கு நேர் நடந்தது வங்கிகளில். 1969 ஜூலை 19ஆம் தேதி 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. சென்னையில் தலைமையகம் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் சேர்த்தி. ஆர்.சி. கூப்பர் என்ற பங்குதாரர் வழக்குப் போட்டார். 1970 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சட்டத்தை ரத்து செய்தது. 14 வங்கிகளை மட்டும் தனித்துப் பிரித்தது பாரபட்சம், இழப்பீட்டைக் கணக்கிட்ட முறையும் சரியில்லை என்றது. சில நாட்களில் அரசு அவசரச் சட்டத்தோடு திரும்பி வந்தது. 1971ல் அரசியலமைப்பின் 25ஆவது திருத்தம் ‘இழப்பீடு’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு ‘தொகை’ என்று போட்டது. ஒற்றைச் சொல்தான். ஆனால் இழப்பீடு என்றால் சொத்தின் மதிப்புக்கு ஈடாக இருக்க வேண்டும்; தொகை என்றால் அரசு முடிவு செய்வது. 1976ல் அரசியலமைப்பின் முகவுரையில் சோசலிசம் என்ற சொல் ஏறியது. 1978ல் 44ஆவது திருத்தம் சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் சாதாரணச் சட்ட உரிமையாக வைத்தது. நெருக்கடி நிலையில் நசுங்கிய மற்ற உரிமைகளை மீட்டதும் அதே திருத்தம்தான். ஒரே காகிதத்தில் ஒரு கை சோசலிசம், மறுகை தாராளவாதம்.

1991 ஜூலை 24ஆம் தேதி வந்த தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது. ரேஷன் கடைகள் மூடப்படவில்லை. உடைமையும் கட்டுப்பாடும் ஒரு பக்கம் நகர்ந்தன, நலத்திட்டம் தன் போக்கில் வளர்ந்தது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான நாட்டு அனுபவம் கிடைப்பது கடினம்.

2024 நவம்பரில் இரண்டு தீர்ப்புகள்

நவம்பர் 5ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 39ஆவது பிரிவின் ஒரு வரியை எடுத்துப் பார்த்தது. சமூகத்தின் பொருள் வளங்கள் பொது நன்மைக்குப் பகிரப்பட வேண்டும் என்ற வரி. தனியார் சொத்து அத்தனையும் அந்த வளங்களில் அடங்கிவிடாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள்.

நவம்பர் 25ஆம் தேதி, முகவுரையிலிருந்து சோசலிசத்தை நீக்கக் கேட்ட மனுக்களை வேறோர் அமர்வு தள்ளுபடி செய்தது. இந்தியச் சூழலில் அந்தச் சொல் நலவாழ்வு அரசையும் சமவாய்ப்பையும் குறிக்கிறது, தனியார் தொழிலைத் தடுக்கவில்லை, எந்தப் பொருளாதாரக் கொள்கையையும் கட்டாயமாக்கவில்லை என்றது.

ஆக முகவுரையில் சொல் அப்படியே இருக்கிறது. அதற்குக் கோர்ட் கொடுத்த பொருளை நம் ரைஸ் மில்லில் வைத்துப் பார்த்தால், இரண்டாவது ஏற்பாட்டில் போய் உட்காருகிறது.